ஸ்டியரிங்கைத் தொடமுதல் ஓராண்டு வேலை

எல் போர்ட் கட்டிய பயிற்சிக் காரில் முதல் நாள் ஏறியபோது பிள்ளைகள் கிளச்சில் மட்டும்தான் தடுமாறினார்கள். கண்ணாடி பார்க்க மறக்கவில்லை. சந்தியில் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பதென்று திகைக்கவில்லை. ஓட்டோ ஒன்று உரசுவதுபோல் முந்தியபோது ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுக்கவில்லை. அதற்கு முந்திய ஓராண்டில், திருகோணமலையில் வீட்டு முற்றத்திலும் மைதானத்திலும் நிலாவெளி வீதியிலும் செய்த வேலைக்குக் கிடைத்த பலன் அது. வேலை நடந்த வரிசையிலேயே இந்தக் குறிப்பும் போகிறது.

முதலில் ஒரு நிபந்தனை. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயது நிறையவேண்டும். அதுவரை பொதுவீதியில் காரோ மோட்டார் சைக்கிளோ பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது. “உள் ஒழுங்கைதானே, கடைவரைக்கும்தானே” என்று மாமாவின் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிடும் பழக்கம் எங்கள் ஊரில் சாதாரணம். அதை நிறுத்தாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டி வாகனம் நொறுங்கினால், அந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கைகொடுக்காது. அதைவிடப் பெரிய நட்டம், வீதியைப் படிக்கமுதல் வேகத்தைப் படித்துவிடும் கை. அந்தக் கையைத் திருத்துவது, புதிய கையைப் பழக்குவதைவிடக் கடினம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் தொடங்க நல்ல காலம். பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம் போதும். பெண் பிள்ளைகளையும் அதே வயதில் தொடக்குங்கள். தம்பிக்குப் பதினாறில் எல்லாம் காட்டிக்கொடுத்து, அக்காவுக்கு “கலியாணம் முடிச்சாப்பிறகு பழகலாம்” என்று விட்டுவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிறகு வேலை கிடைத்ததும், எந்த ஆயத்தமும் இல்லாமல் ஸ்கூட்டியோடு எங்கள் நகரத்து அனுராதபுரச் சந்தி நெரிசலுக்குள் இறங்குவது அந்த அக்காதான்.

சாமான்கள் அதிகமில்லை. மேசன்மார் வைத்திருக்கும் 30 மீற்றர் டேப், ஒரு பெட்டி சோக்கட்டி, மணல் நிரப்பிய ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் பன்னிரண்டு, 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், ரயர் காற்று அளக்கும் கேஜ், 30 சென்ரிமீற்றர் சதுரமும் 2 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள பலகைத் துண்டு, ஒளிரும் முக்கோணம், ரோர்ச். பாதி வீட்டிலேயே கிடக்கும். வாங்க வேண்டியவை எல்லாம் சேர்த்தும் ஒரு நல்ல ஹெல்மெற் விலைக்குள் அடங்கும்.

கண்ணும் சைக்கிளும்

பகல் வெளிச்சத்தில், நிறுத்தியிருக்கும் வாகனமொன்றின் இலக்கத் தகட்டிலிருந்து 20 மீற்றர் அளந்து பிள்ளையை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினாலோ ஓரெழுத்துத் தவறினாலோ அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். கிட்டப்பார்வை மெல்ல மெல்ல வருவதால் பிள்ளைக்கே தெரியாது. வகுப்பில் முன்வாங்கில் இருக்கிற பிள்ளையில் ஆசிரியருக்கும் பிடிபடாது. அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சோதனை வரை இதைத் தள்ளிப்போட்டால் ஓராண்டுப் பயிற்சியும் மங்கலான வீதியில்தான் நடக்கும்.

அடுத்தது சைக்கிள். அது வீட்டில் ஏற்கெனவே நிற்பதால் யாரும் பயிற்சிச் சாமானாக நினைப்பதில்லை. சீமெந்துத் தரையிலோ ஆளில்லாத மைதான ஓரத்திலோ 30 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, 20 மீற்றர் நீளத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். பிள்ளை அதற்குள் மெதுவாக ஓட்டவேண்டும். பின்னால் நிற்பவர் விரல்களைக் காட்டுவார். பிள்ளை வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்லவேண்டும், சில்லு கோட்டைத் தாண்டக்கூடாது. முதலில் எல்லோருக்கும் தாண்டும். தலை திரும்பும்போது தோளும் கூடத் திரும்பி, தோளோடு கையும், கையோடு ஹாண்டிலும் போய்விடுவதுதான் காரணம். முழங்கையைத் தளர்த்தி, நாடியை மட்டும் தோளுக்குக் கொண்டுபோகச் சொன்னால் சரிவரும். காரில் வலது கண்ணாடியைப் பார்க்கும்போது கார் வலப்பக்கம் சாய்ந்து போவதும் இதே பிழையால்தான். சைக்கிளில் திருத்தினால் காரில் அது வராது.

பிறகு அமைதியான ஒழுங்கையில் பின்னால் பார்ப்பது, கை காட்டுவது, இன்னொரு தடவை பார்ப்பது, திரும்புவது என்று நான்கையும் அந்த வரிசை மாறாமல் பழக்குங்கள். இரண்டாவது பார்வையைத்தான் பிள்ளைகள் விடுவார்கள். கை காட்டிவிட்டோம் என்பதற்காகப் பின்னால் வருகிற பஸ் நிற்கப்போவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடவேண்டும்.

இடப்பக்க முன் இருக்கை

முழுத் திட்டத்திலும் பயன் கூடிய பகுதி இது. செலவும் கிடையாது, எப்படியும் போகிற பயணங்கள்தான். பிள்ளை பெல்ற் போட்டு முன்னால் இருந்து, போனைப் பையில் வைத்துவிட்டு, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பத்து நிமிடம் பேசி, பத்து நிமிடம் ஓய்வு. அதற்கு மேல் இழுத்தால் வாய் பேசும், கண் வேலைசெய்யாது.

முதல் சில வாரங்கள் பெயர் சொன்னால் போதும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கி உப்புவெளி வரை: “வலப்பக்கம் பஸ் நிக்குது, இடப்பக்கம் ஸ்கூல் பிள்ளையள், முன்னால ஓட்டோ, ரோட்டோரம் ரெண்டு மாடு.” அடுத்த கட்டத்தில் ஒவ்வொன்றும் அடுத்து என்ன செய்யும் என்று சொல்லவேண்டும். மூன்றாவது கட்டத்தில், தான் ஓட்டினால் என்ன செய்வேன் என்று சொல்லவேண்டும். முதலாவதிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவுவதுதான் வழக்கமான பிழை. “பிரேக் பிடிப்பன், ஹோர்ன் அடிப்பன்” என்று பிள்ளை அடுக்கும், ஏன் என்று கேட்டால் பதில் வராது. இரண்டாவது கட்டத்துக்கு இரண்டு மாதமாவது கொடுங்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டும் அடையாளங்களைப் பெரியவர்தான் சுட்டவேண்டும். ஓட்டோவின் சிக்னலை நம்பாமல் முன் சில்லைப் பார். சாரதியின் தலை இடப்பக்கம் திரும்பினால் ஆள் ஏற்றப்போகிறார், சிக்னல் இல்லாமலே ஒதுங்கி நிற்பார். நிறுத்தியிருக்கும் வானுக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கலாம். நிற்கிற பஸ்ஸின் அடியால் கால்கள் தெரிந்தால் அதன் முன்னால் ஆள் கடக்கப்போகிறார். ஒரு மாடு கடந்தால் பின்னால் கன்று வரும். கோட்டை வாசல் பக்கமும் நகரத்துக்குள்ளும் மான்கள் வீதியில் இறங்கும். ஒரு மானைக் கண்டதும் இரண்டாவதைத் தேடவேண்டும். முதல் மானை நம் கண் பின்தொடரும் நேரத்தில்தான் இரண்டாவது பாயும். ஒரு வாகனம் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் “நீ போ” என்றும் இருக்கலாம், “நான் வாறன், விலகு” என்றும் இருக்கலாம். அதை அனுமதியாக எடுக்காமல் இடைவெளியைப் பார்த்துத் தானே முடிவெடுக்கப் பிள்ளை பழகவேண்டும்.

பாதைகளை மாற்றுங்கள், ஒவ்வொன்றும் வேறு பாடம். பாடசாலை விடும் நேரத்துப் பிரதான வீதியில் கற்பது கூட்டம். நிலாவெளி வீதியில் கால்நடையும், காற்று அள்ளிவந்து தாரில் கொட்டிய மணலும். கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று: கச்சான் வீசும் மாதங்களில் முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் எவ்வளவு விலகுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். சீனக்குடா, தம்பலகாமம் பக்கம் ரெயில் கடவைகள். கந்தளாய் தாண்டி ஹபரணை போகும் ஏ6 வீதியில் யானை. இந்த ஒவ்வொன்றையும் பயணியாகப் பார்த்துப் பேசியிருந்தால், சாரதியாகச் சந்திக்கும்போது அது இரண்டாம் முறை.

இரவுப் பயணத்தையும் சேர்க்கவேண்டும். இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்கு வீதியிலேயே படுத்துவிடும். கறுப்பு மாடு, கறுப்புத் தார். எதிரே வரும் வெளிச்சம் கண்ணில் அடித்தால் பார்வையை வீதியின் இடது ஓரத்துக்கு இறக்கிப் பழகட்டும். கடலோரத்தில் நிற்கும் வாகனத்தின் கண்ணாடியில் உப்புப் படலம் பிடிக்கும். பகலில் தெரியாத அந்தப் படலம் இரவில் எதிர் வெளிச்சத்தைக் கண்ணாடி முழுக்கப் பரப்பிவிடும். புறப்படமுதல் வெளிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைப்பது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

டேப்பால் அளந்த வேகம்

“மெதுவா ஓட்டு” என்று நூறு தடவை சொல்வதைவிட மைதானத்தில் ஒரு மாலை டேப் இழுப்பது கூடப் பலன் தரும். மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் ஒரு விநாடிக்கு 14 மீற்றர். அதை அளந்து முதல் போத்தலை வையுங்கள். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று எடுத்தால் அந்த 14 மீற்றரும் பிரேக் இல்லாமலே போய்விடும். காய்ந்த தாரில், நல்ல ரயரோடு, முழுப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 14 மீற்றர். இரண்டாவது போத்தல் 28 மீற்றரில். இதே கணக்கில் 30 கிலோமீற்றருக்கு 8ம் 5ம், மொத்தம் 13. நகரத்துக்கு வெளியே அனுமதிக்கப்பட்ட 70 கிலோமீற்றருக்கு 19ம் 28ம், மொத்தம் 47. அதற்கு 30 மீற்றர் டேப்பே போதாது, இரண்டு தடவை இழுக்கவேண்டியிருக்கும். பிள்ளை டேப்பின் மறுமுனையைப் பிடித்து நடக்கும்போதே விஷயம் உள்ளே போய்விடும்.

ஈரத் தாரில் பிரேக் தூரம் ஏறக்குறைய இரட்டிக்கும். எங்கள் பக்கம் மாதக்கணக்கில் மழை இல்லாமல் கிடந்து ஐப்பசியில் முதல் மழை விழும். அதுவரை தாரில் படிந்த தூசியும் ஒயிலும் அந்த முதல் தண்ணீரோடு கலந்து வழுக்கும். நன்றாக அடித்துக் கழுவியபிறகு பிடிப்புக் கொஞ்சம் திரும்பும். முதல் அரைமணி நேரம்தான் மோசம். டிம் லைட்டில் இருண்ட பொருள் ஒன்று ஏறக்குறைய 40 மீற்றரில்தான் கண்ணுக்குப் படும். 70இல் நிற்க 47 மீற்றர் வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், படுத்திருக்கும் மாட்டைப் பற்றி வேறு எதுவும் சொல்லவேண்டியதில்லை.

போன் கவனத்தை எவ்வளவு இழுக்கும் என்று காட்ட அடிமட்டம். பெரியவர் அடிமட்டத்தை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிட, கீழே பூச்சியத்தில் பிள்ளை விரலைத் தொடாமல் விரித்து வைத்திருந்து, விட்டதும் பிடிக்கவேண்டும். 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் 0.2 விநாடி. பிறகு எழுபதிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். பல தடவை அடிமட்டம் முழுதாக நழுவிப்போகும். “0.2 தானே, ஏன் ஒரு விநாடி கணக்குப் போட்டீங்க?” என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அடிமட்டம் விழப்போகிறது என்று தெரிந்து காத்திருந்தோம், வீதியில் எதிர்பாராமல் வருவதைக் காணவும் விளங்கவும் காலைத் தூக்கி மாற்றவும் சேர்த்து ஒன்றிலிருந்து ஒன்றரை விநாடி ஆகிறது என்பதுதான் பதில். கடைசியாக, 50இல் மூன்று விநாடி போனைப் பார்த்தால் 42 மீற்றர். அதையும் அளந்து நடக்கவிடுங்கள்.

எஞ்சின் ஓடாத கார்

முற்றத்தில், திறப்பு பெரியவரின் சட்டைப்பைக்குள் இருக்க, பிள்ளை சாரதி இருக்கையில் ஏறும். கிளச்சை அடிவரை அழுத்தியபோதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். முதுகு இருக்கையை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் 25 சென்ரிமீற்றர், எயார்பாக் விரிய அந்த இடம் வேண்டும். இருக்கையின் தலைதாங்கியின் மேல்விளிம்பு தலை உச்சி மட்டத்துக்கு. இருக்கை சரியானபிறகுதான் கண்ணாடி. வரிசை மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டிவரும். கை ஒன்பது மணியிலும் மூன்று மணியிலும். காலில் பின்வார் உள்ள செருப்போ சப்பாத்தோ. வார் இல்லாத றப்பர் செருப்பு பெடலுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும்.

பிறகு மறைவிடங்களைச் சோக்கால் வரையுங்கள். 90 சென்ரிமீற்றர் தடியொன்றை மணல் போத்தலில் நட்டால் அது ஒரு சின்னப் பிள்ளையின் உயரம். அதைக் காரின் பின்னால் ஒட்டவைத்து, மெல்ல மெல்ல விலக்குங்கள். உள்கண்ணாடியில் முதலில் தெரிகிற இடத்தில் கோடு போடுங்கள். வாகனத்துக்கு வாகனம் தூரம் மாறும், உயரமான வானுக்கும் ஜீப்புக்கும் நம்பமுடியாத அளவு நீளும். அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் இல்லை. வாகனத்தைப் பின்னெடுக்கமுதல் ஒருதடவை சுற்றி நடந்து பார்க்கும் பழக்கம் அந்தக் கோட்டிலிருந்துதான் வந்தது, சொல்லி வரவில்லை. பக்கவாட்டுக்கு, தம்பியோ தங்கச்சியோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலிருந்து வரட்டும். கண்ணாடியிலும் இல்லாமல் ஓரக்கண்ணிலும் இல்லாமல் சைக்கிள் காணாமல்போகும் இடம் ஒன்று இருக்கும். அதையும் வரைந்து நிரப்புங்கள். முன் கண்ணாடியின் தூண் ஒரு மோட்டார் சைக்கிளை முழுதாக மறைக்கும், சந்தியில் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவேண்டும் என்பதும் இங்கே விளங்கும்.

இறங்கும்போது வலக்கதவை இடக்கையால் திறக்கப் பழக்குங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். இடப்பக்கம் இருப்பவருக்கு வலக்கை. பயணியாக இன்றைக்கே தொடங்கலாம்.

ரயரும் மற்றதும்

சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்று அளவு இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐ. ஓடமுதல், ரயர் சூடேறாதபோது அளக்கவேண்டும். வெயிலில் ஓடிவந்து அளந்து, கூட இருக்கிறதென்று காற்றை இறக்குவது பலர் செய்யும் பிழை, ஆறியபிறகு அது குறைவாகிவிடும். ரயர்ப் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்றவேண்டும். எங்கள் ஊரில் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

ரயர் மாற்றுவதைப் பிள்ளை தனியாக, தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்யவேண்டும். ஹாண்ட் பிரேக், முதலாம் கியர் (ஓட்டோமற்றிக் கியரென்றால் பி), எதிர்மூலைச் சில்லுக்குக் கல். காரை உயர்த்தமுதல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தவேண்டும். உயர்த்தியபிறகு முயன்றால் சில்லுதான் சுற்றும், கார் ஆடும். டொயோட்டா, நிஸான் கார்களுக்குப் பெரும்பாலும் 21 மில்லிமீற்றர் நட்டு, சுசுகி, ஹொண்டாவுக்கு 19. இறுகிய நட்டுக்குக் கைப்பலம் போதாவிட்டால் ஸ்பானரின் பிடி இடப்பக்கம் கிடையாக நிற்கும்படி மாட்டி, காரைப் பிடித்துக்கொண்டு பாதத்தால் கீழே அழுத்தலாம். மெல்லிய உடம்புள்ள பிள்ளைக்கும் அது கழன்றுவிடும். ஜக் வைக்கும் இடம் வாசலடித் தகட்டில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே. வேறெங்கும் வைத்தால் தகடு மடியும்.

எங்கள் மண்ணுக்கு அந்தப் பலகைத் துண்டு கட்டாயம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீதியை விட்டு இறங்கினால் மணல். வெறும் ஜக் ஒரு பக்கம் புதைந்து சரியும், கார் அதன் மேலிருந்து நழுவும். பலகை வைத்தாலும் காருக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது. கழற்றிய சில்லை வாசலடிக்குக் கீழே படுக்கவைத்தால் சரிந்தாலும் இடம் மிஞ்சும். திரும்பப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, காரை இறக்கியபிறகு கடைசி இறுக்கம். சில கார்களில் ஸ்பெயார் ரயரே இருக்காது, அடைக்கும் பசையும் சின்னப் பம்பும்தான் வரும். உங்கள் வாகனத்தில் எது இருக்கிறது என்று முதலே திறந்து பாருங்கள்.

ஒயில் அளவு சமதரையில், எஞ்சின் நின்று சில நிமிடம் கழித்து. சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. மற்றதெல்லாம் வாகனத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, அதைப் பிள்ளையே வாசித்துச் சொல்லட்டும்.

விபத்தைக் கண்டால் செய்யவேண்டியதையும் இதோடு சேருங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. இரண்டும் போனில் பதிந்திருந்தால் போதாது, இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியவேண்டும். வீதியின் பெயரும், பக்கத்திலிருக்கும் கிலோமீற்றர்க் கல்லின் எண்ணும் சொல்லிப் பழகுவதற்கு முன்னிருக்கைப் பயணங்களே இடம். திடீரென்று “இப்ப எங்க நிக்கிறம்?” என்று கேளுங்கள்.

வாயும் கடதாசியும்

பயந்த பிள்ளையும் துணிந்த பிள்ளையும் வேறு வேறு வேலை கேட்கும். பயந்த பிள்ளைக்குத் துண்டு துண்டாகக் கொடுக்கவேண்டும்: இன்றைக்கு இருக்கை, நாளைக்குக் கண்ணாடி. “இதுக்கென்ன பயம்” என்ற சொல் பயத்தைக் குறைத்ததே இல்லை. துணிந்த பிள்ளைக்கு டேப்பையும் அடிமட்டத்தையும் கூடுதலாகக் கொடுங்கள். அறிவுரைக்கு அது வாதாடும், தானே அளந்த எண்ணோடு வாதாடாது.

பெற்றோரின் வாய்க்கும் பயிற்சி வேண்டும். காருக்குள் ஐந்து சொல் மட்டும்: நில், மெதுவாக, வலது, இடது, போ. “றைட்” வேண்டாம், பஸ்ஸில் அது போகச் சொல்லும் சொல். “ஐயோ” வேண்டவே வேண்டாம். அதில் என்ன செய்யவேண்டும் என்ற தகவல் இல்லை, பிள்ளையின் கண் வீதியை விட்டு உங்கள் முகத்துக்கு வரும். பிழை நடந்தால் ஓரமாக நிறுத்தியபிறகு பேசுங்கள், ஓடும்போது அல்ல. பிள்ளை முன்னிருக்கையில் பேசிப் பழகும் மாதங்களில் பெரியவரும் இந்தச் சொற்களைப் பழகலாம். இன்னொன்று: முன்னால் இருந்து ஓராண்டு கவனித்த பிள்ளை, “அப்பா, பெல்ற் போடேல்ல,” “அம்மா, போனை வைங்க” என்று சொல்லத் தொடங்கும். அப்போது கோபப்பட்டால் முழு வேலையும் அந்த இடத்தில் கெட்டது. போனை வையுங்கள்.

அனுமதிப்பத்திரம் கிடைக்கமுதலே ஒரு பக்கக் கடதாசியில் வீட்டுச் சட்டம் எழுதி இரு பக்கமும் கையெழுத்து வையுங்கள். கிடைத்தபிறகு எழுதினால் அது தண்டனையாகத் தெரியும். முதல் ஆறு மாதம் நண்பர் ஒருவருக்கு மேல் ஏற்றுவதில்லை. இளம் சாரதிக்குச் சமவயதுக் கூட்டமும் இரவும் விபத்து ஆபத்தைக் கூட்டும் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. இருட்டியபிறகு தனியாக இல்லை. படித்து விழித்த இரவுக்கு அடுத்த காலை இல்லை. போன் டாஷ்போர்ட் பெட்டிக்குள். பெற்றோர் பக்கத்திலிருந்தும் ஒரு வரி வேண்டும்: எந்த நேரம், எங்கிருந்து கூப்பிட்டாலும் வந்து ஏற்றுவோம், அன்றிரவு ஏச்சு இல்லை. களைத்த பிள்ளை அல்லது குடித்த நண்பனின் மோட்டார் சைக்கிளில் ஏற நிற்கும் பிள்ளை வீட்டுக்குக் கோல் எடுக்குமா இல்லையா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவுசெய்யும்.

பதினெட்டுக்குப் பிறகு

தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிற்சி அனுமதி, ட்ரயல் எனப்படும் ஓட்டப் பரீட்சை என்று அலுவல் போகும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். வீதிக் குறியீடுகளை மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சையில் தேறும், வீதியில் அடையாளம் காணாது. மஞ்சள் வைரவடிவம் எச்சரிக்கை, சிவப்பு வட்டம் தடை, நீல வட்டம் கட்டளை என்று முன்னிருக்கையிலிருந்தே வடிவத்தால் பிரித்துப் பழகியிருந்தால் புத்தகம் ஒரு வாரத்து வேலைதான்.

முதல் வகுப்புகள் பயிற்றுநரோடு, மூடிய மைதானத்தில், காலையில். சமதரை, முதலாம் கியர், அக்சிலேற்றர் தொடாமல், குதிக்கால் தரையில். கிளச்சை மெதுவாக விட, கார் இலேசாக நடுங்கும் இடத்தில் கால் நிற்கவேண்டும். கார் நகர்ந்ததும் அதே இடத்தில் இன்னும் இரண்டு விநாடி. பிள்ளைகள் இங்கேதான் பிழைவிடுவார்கள். நகர்ந்த சந்தோஷத்தில் காலை முழுதாக எடுக்க, எஞ்சின் நின்றுவிடும். 10 மீற்றர் ஊர்ந்து, நிறுத்தி, மறுபடி. கிளச் கருகிய மணம் வந்தால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இப்படி ஒரு மணி நேரம் ஊர்ந்தால் சிறிய காருக்கு 1 முதல் 2 லீற்றர் பெற்றோல் போகும்.

கால் படிந்தபிறகு போத்தல்கள். 10 மீற்றருக்கு ஒன்றாக வைத்து வளைந்து போவது, பிறகு காரின் அகலத்தோடு 60 சென்ரிமீற்றர் கூட்டி வைத்த வாசலுக்குள் பின்னெடுப்பது, சரிவந்தால் 40ஆகக் குறைப்பது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் 30 கிலோமீற்றரில் முழுப் பிரேக் பிடித்துப் பார்க்கவேண்டும். பெடல் காலுக்குக் கீழே துடிக்கும், பழுதென்று நினைத்துக் காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்கவேண்டும். நின்ற இடத்தை டேப்பால் அளந்தால், முன்பு மைதானத்தில் வைத்த போத்தலின் கணக்கு தாரில் ஒத்துவரும். ஏற்றத்தில் எடுக்கும் பயிற்சிக்கு உவர்மலை ஏற்றங்கள் போதும். ஹாண்ட் பிரேக் பிடித்து, கிளச் நடுக்கம் வந்தபிறகு விடுவது. அதைச் சமதரையில் படியாத காலோடு முயன்றால் பின்னால் நிற்கும் ஓட்டோவுக்குத்தான் அடி.

அடுத்த முறை

ரயர் மாற்றுவதை முன்னிருக்கைக்கு முன்பே வைக்கவேண்டும். வாகனம் எவ்வளவு கனமென்று கையால் உணர்ந்த பிள்ளை, 50இல் நிற்க 28 மீற்றர் வேண்டும் என்பதை உடனே நம்பியது, மற்றப் பிள்ளைகளுக்குப் பல தடவை அளக்கவேண்டியிருந்தது. இரவுப் பயணங்களை வெயில் மாதங்களிலேயே தொடங்கி, மழை இரவுக்கு ஐப்பசியில் போகவேண்டும். இருட்டும் மழையும் ஒன்றாக வந்தபோது பிள்ளைகளின் வாய் அடைத்துவிட்டது. மோட்டார் சைக்கிள் எடுக்கப்போகும் பிள்ளைக்கு மறைவிடப் பயிற்சியை லொறியொன்றைச் சுற்றியும் செய்யவேண்டும், கார் போதாது. பலகைத் துண்டு 2 சென்ரிமீற்றரில் வளைகிறது. வானுக்கு 4 சென்ரிமீற்றர்ப் பலகை, நடுவில் ஜக்கின் அடி வழுக்காமலிருக்க நாலு பக்கமும் சட்டம் அடித்து.